மாணவர் மடிக்கணினியை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

சென்னை மத்திய கைலாஷில் தொடங்கி மாமல்லபுரத்தில் முடியும் பழைய மாமல்லபுரம் சாலை, படிப்பையும் வேலையையும் ஒரே தடத்தில் வைத்திருக்கிறது. தரமணியில் டைடல் பூங்கா, படூர், கேளம்பாக்கம், களவாக்கம் பக்கத்தில் பொறியியல் கல்லூரிகள், சிறுசேரியில் சிப்காட் மென்பொருள் வளாகம், தெற்கு முனையில் மாமல்லபுரத்து அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. ஆண்டுதோறும் பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் இந்த வட்டாரத்து வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு எந்த மடிக்கணினி வாங்குவது, அதில் விண்டோஸ் இருக்க வேண்டுமா, லினக்ஸ் போதுமா, கடன் பட்டாவது ஆப்பிள் வாங்கலாமா? இதைக் கடைக்காரரிடமும் உறவுக்காரப் பொறியாளரிடமும் கேட்டு முடித்துவிடக்கூடிய விலை விவகாரமாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் கடந்த நாற்பது ஆண்டு வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. தமிழ்நாட்டு மாணவரின் கணினியில் எந்த இயங்குதளம் ஓட வேண்டும் என்பதை மாணவர் பெரும்பாலும் தீர்மானித்ததே இல்லை. பாடநூலும், ஆய்வகத் தேர்வும், தெருமுனையில் கணினி பழுது பார்க்கும் கடையும் அதை அவருக்கு முன்பே தீர்மானித்துவிட்டன. இந்த உண்மையை ஒப்புக்கொண்டால்தான் இன்றைக்கு நல்ல தேர்வு எது என்று பேசவே முடியும்.

தொடக்கத்தில் கணினி என்பது தனி ஆளின் பொருளே அல்ல. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 வந்தபோது, மாணவர் தம் நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்தார். இயந்திரமும் அதன் இயங்குதளமும் நிறுவனத்தின் முடிவு. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்ட பிறகு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் முகமே மாறத் தொடங்கியது. 1985-இல் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரியும் படூரில் இந்துஸ்தான் கல்லூரியும் வந்தன. எச்.சி.எல். நிறுவனர் சிவ் நாடார் தொடங்கிய எஸ்.எஸ்.என். 1996-இல் களவாக்கம் பக்கம் வந்தது. 1997-இல் தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 2000-இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பதினைந்தே ஆண்டுகளில் கணினி படிக்கும் இடமும் கணினியால் பிழைக்கும் இடமும் ஒரே சாலையில் எதிரெதிரே நின்றன. அந்த ஆண்டுகளில் பெரும்பாலான மாணவர்கள் கணினியைத் தொட்டது கல்லூரி ஆய்வகத்தில்தான், அதுவும் வாரத்தில் சில மணி நேரம்தான். ஆய்வகத்தில் இருந்ததே உலகம் என்று கைகள் பழகிக்கொண்டன. அந்தப் பழக்கத்தின் மையத்தில் இருந்தவை டாஸ், அதன் மேல் வந்த விண்டோஸ், இவை இரண்டிலும் ஓடிய டர்போ சி என்ற நிரல் தொகுப்பி.

இரண்டாவது கட்டத்தில் கணினி வீட்டுக்கு வந்தது. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்களை வாங்கிக் கோத்துக் கொடுக்கும் அசெம்பிள்டு கணினிகள், நிறுவனப் பெயர் போட்ட பெட்டிகளைவிடக் கணிசமாக மலிவாகக் கிடைத்தன. நடுத்தரக் குடும்பம் முதன்முதலாகக் கணினி வாங்கியது இந்த வழியில்தான். அந்தப் பெட்டியோடு விண்டோஸும் அலுவலகத் தொகுப்பும் பெரும்பாலும் உரிமமில்லாத நகல்களாக, தனி விலை எதுவும் இல்லாமல் வந்துசேர்ந்தன. கோளாறு வந்தால் கடைக்காரர் ஃபார்மட் அடித்து மீண்டும் அதையே போட்டுக் கொடுத்தார். இந்த வழக்கத்தின் விளைவை நாம் சரியாக எடைபோடவில்லை. லினக்ஸ் பற்றிப் பேசியவர்கள் முதலில் சொன்ன வாதம் அது இலவசம் என்பது. வாங்குபவரின் கண்ணுக்கு விண்டோஸும் இலவசமாகவே தெரிந்த சந்தையில் அந்த வாதம் எடுபடவில்லை. பணத்தைத் தவிர மற்ற காரணங்களான திறந்த நிரல், திருத்தும் உரிமை, பழைய இயந்திரத்திலும் ஓடும் இலகுத்தன்மை ஆகியவற்றை எடுத்துச் சொல்ல வகுப்பறைதான் இடம். வகுப்பறையோ டர்போ சி-யோடு நின்றுவிட்டிருந்தது.

இருந்தும் 2005-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் வேறொரு பாதை திறந்தது. அந்த ஆண்டில் நடுவண் அரசின் ஆதரவோடு கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் உருவானது. அதை நடத்தியவை நடுவண் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருந்த ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும். குரோம்பேட்டை இன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கும் ஊர். அந்த முயற்சியிலிருந்து டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007 வாக்கில் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் முகப்பைத் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. அதே காலத்தில், 1977-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், நிறுவனத்தின் சொந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கும் கணினிகளிலும் லினக்ஸ் இருக்கும்படி பார்த்தார். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் திறந்த மூல மென்பொருள் விருப்பப் பாடமாக நுழைந்தது. 2008 ஒழுங்குமுறையில் அதற்கென ஓர் ஆய்வகமும் இடம்பெற்றது. செய்யும் அறிவு, வாங்கும் அதிகாரம், கற்பிக்கும் பாடம் ஆகிய மூன்றும் ஒரே மாநிலத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் இருந்தன. அவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறுதான் இல்லை.

அந்தக் குறை முழுதாக வெளிப்பட்டது 2011-இல். அவ்வாண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும், கலை அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரி மாணவர்களுக்கும் உரிய திட்டம் அது. முதல் ஆண்டின் இலக்கு 9.12 இலட்சம் கணினிகள்; ஒதுக்கீடு 912 கோடி ரூபாய். கொள்முதல் பொறுப்பு எல்காட்டுக்கு. 2019-20 வரை நடந்த இத்திட்டத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஓர் அரசு தன் மாணவர்களுக்கு இத்தனை பெரிய அளவில் சொந்தக் கணினி கொடுத்த நிகழ்வு உலகிலேயே அரிது. திருப்போரூரிலும் திருக்கழுக்குன்றத்திலும் மதுராந்தகத்திலும் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுச் சுயநிதிக் கல்லூரிக்குப் போன பிள்ளை, மூடியில் அரசு முத்திரை பதித்த அந்தக் கருவியைத்தான் நான்கு ஆண்டும் சுமந்து சென்றது. குடும்பத்தில் முதன்முதலாகக் கணினி வைத்திருந்தவர் அந்தப் பிள்ளையே.

அந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். விண்டோஸைச் சேர்த்ததைத் தமிழ்நாட்டுக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அப்போதே எதிர்த்தது. பொதுப்பணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை உருவாக்கிக் கொடுக்கிறோம் என்பது எதிர்த்தவர்களின் கவலை. இரண்டையும் கொடுத்து மாணவரையே தேர்ந்தெடுக்க விடுவதுதான் நியாயம் என்பது மறுதரப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது வாதமே ஜனநாயகமாகத் தெரியும். நடந்ததோ வேறு. பெரும்பாலான கணினிகளில் பாஸ் திறக்கப்படாமலே கிடந்தது, அல்லது முதல் ஃபார்மட்டோடு அழிந்துபோனது. இது பரவலாக அறியப்பட்ட உண்மை. இதைப் பார்த்து, மாணவர்கள் சுதந்திரமாக விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று முடிவு கட்டிவிடலாமா? அப்படிக் கட்டுவதற்கு முன் அவர்கள் கையில் இருந்த பாடநூலைத் திறந்து பார்க்க வேண்டும்.

2019-க்கு முந்தைய பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலின் முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ், இரண்டாவது சி++. ஸ்டார் ஆபீஸ் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடக்கூடியது. பிற்காலத்து ஓப்பன் ஆபீஸின் மூத்த உடன்பிறப்பு. அந்த அளவில் பாடநூல் எந்த இயங்குதளத்தின் பக்கமும் சாயவில்லை. சிக்கல் இரண்டாவது தொகுதியில் இருந்தது. அதில் இருந்த நிரல்கள் ஐஓஸ்ட்ரீம் டாட் எச், கோனியோ டாட் எச் என்ற தலைப்புக் கோப்புகளைக் கேட்டன. திரையைத் துடைக்க டர்போ சி++-க்கே உரிய கட்டளையைப் பயன்படுத்தின. போர்லாண்ட் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் டாஸுக்காக எழுதிய தொகுப்பியின் வழக்கம் அது. 1998-இலேயே சி++ மொழிக்கு உலகத் தரம் வகுக்கப்பட்டு அந்தத் தலைப்புக் கோப்பின் பெயரும் மாறிவிட்டது. லினக்ஸோடு வரும் ஜி++ தொகுப்பி புதிய தரத்தின்படி நடப்பது. ஆகவே அரசு கொடுத்த மடிக்கணினியில், அரசு கொடுத்த பாஸ் லினக்ஸைத் திறந்து, அரசு கொடுத்த பாடநூலில் உள்ள நிரலை எழுத்துப் பிசகாமல் அடித்த மாணவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது பிழைச் செய்தி மட்டுமே. செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் எந்தப் பிள்ளை பாடநூலை விட்டுவிட்டு இயங்குதளத்தை நம்பும்? அந்த இடத்தில் விண்டோஸ் தேர்ந்தெடுக்கப்படவில்லை. வேறு வழி அடைக்கப்பட்டிருந்தது.

இதில் வருந்தத்தக்க ஒரு நுணுக்கமும் உண்டு. டர்போ சி++ பதினாறு பிட் நிரல் என்பதால் 64 பிட் விண்டோஸிலும் நேராக ஓடாது. அதை ஓட்ட டாஸ் சூழலைப் பாவனை செய்யும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட வேண்டியிருந்தது; கல்லூரி மாணவர் பலரும் அதைப் போட்டுக்கொண்டார்கள். அந்த டாஸ்பாக்ஸ் லினக்ஸிலும் ஓடும். பழைய பாடத்தைக்கூட இரண்டு இயங்குதளங்களிலும் படித்திருக்க முடியும் என்பதே இதன் பொருள். இதை ஒரு பக்கக் குறிப்பாகவேனும் அச்சிட்டுக் கணினியோடு கொடுத்திருந்தால் கதை சிறிதேனும் மாறியிருக்கும். தொழில்நுட்பம் தடுக்கவில்லை, கொள்முதல் செய்த துறையும் பாடநூல் எழுதிய துறையும் ஒன்றோடொன்று பேசாததுதான் தடுத்தது.

பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. கேரளம் 2001 வாக்கில் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கப் பாடநூல்கள் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சார்ந்திருப்பதை ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கேள்வி கேட்டார்கள். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து பள்ளிக் கணினிக் கல்வி படிப்படியாக முழுவதும் லினக்ஸுக்கு மாறியது. பாடநூல் அதற்கேற்ப எழுதப்பட்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பு உருவாக்கப்பட்டது. பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடந்தது. 2017-இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அவர்கள் முதலில் மாற்றியது பாடத்தையும் தேர்வையும். நாம் முதலில் கொடுத்தது கருவியை. கொடைக் கணக்கில் தமிழ்நாடு முந்தியது; கருவிக்கும் கற்பித்தலுக்கும் இருந்த இணைப்பில் கேரளம் முந்தியது. தேர்வு எதில் நடக்கிறதோ அதையே மாணவர் கற்பார் என்பது இரு மாநிலங்களுக்கும் பொதுவான விதி.

பாஸ் லினக்ஸ் தரத்தில் பின்தங்கியிருந்ததால்தான் மாணவர்கள் கைவிட்டார்கள் என்ற மறுப்பு வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சில வகை வைஃபை, ஒலி வன்பொருள்களோடு லினக்ஸ் அந்நாளில் முரண்டு பிடித்தது. உபுண்டு போன்ற பதிப்புகளுக்கு இருந்த உலகளாவிய பயனர் துணை பாஸுக்கு இல்லை. சந்தேகம் கேட்க ஊரில் ஆள் இல்லை. ஆனால் ஒரு மென்பொருள் மெருகேறுவது பயன்பாட்டில்தான். 50 இலட்சம் கணினிகளில் பத்தில் ஒரு பங்கு மாணவர்கள் அதைத் தினமும் பயன்படுத்திக் குறை சொல்லியிருந்தால், குரோம்பேட்டையிலும் தரமணியிலும் இருந்த பொறியாளர்களுக்கு அதைவிடப் பெரிய சோதனைக்களம் கிடைத்திருக்காது. மொழியைப் பொறுத்தும் இதே நிலைதான். 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸ் பதிப்புகள் வெகுகாலம் முன்பே தந்தன. விண்டோஸிலேயே அது சேர்ந்தது 2019-இல்தான். தமிழில் ஆய்வேடு எழுத வேண்டிய கலைக்கல்லூரி மாணவருக்கு இது நேரடியான பயன். அதையும் யாரும் அவருக்கு எடுத்துக் காட்டவில்லை.

பழைய கணினிக்கு லினக்ஸ் கைகொடுக்கும் என்ற பாடத்தைத் தமிழ்நாடு அரசே தன் அலுவலகத்தில் ஒருமுறை கற்றுக்கொண்டது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்தியபோது, பழைய கணினிகளை வைத்திருந்த துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது. அதே சிக்கல் மாணவர் வீட்டுக்கும் வந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் பழைய இலவச மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. அவை வேலை செய்யாமல் போகவில்லை. இரண்டாவது பிள்ளைக்கும் உதவும் நிலையில் இன்னமும் பல வீடுகளில் இருக்கின்றன. இலகுவான ஒரு லினக்ஸ் பதிப்பைப் போட்டால், பாதுகாப்புத் திருத்தங்களோடு மேலும் சில ஆண்டுகள் ஓடக்கூடியவை. அந்தத் திறமை வீட்டில் இருந்திருந்தால் ஒரு கணினியின் விலை மிச்சமாகியிருக்கும். இயங்குதளம் பற்றிய அறிவு என்பது பொழுதுபோக்கு ஆர்வம் அல்ல, குடும்பச் செலவில் எதிரொலிக்கும் அறிவு.

மாமல்லபுரத்திலிருந்தே ஒரு வலுவான எதிர்வாதத்தை எடுத்துவைக்கலாம். 1957-இல் பயிற்சி மையமாகத் தொடங்கி, வை. கணபதி ஸ்தபதியின் தலைமையில் வளர்ந்த சிற்பக்கலைக் கல்லூரி இன்று மரபுக் கட்டடக்கலையிலும் சிற்பத்திலும் பட்டப்படிப்பு நடத்துகிறது. கோயில் விமானத்தின் அளவையும் தளவரைவையும் கையால் வரையக் கற்கும் மாணவர், வேலைக்கு வெளியே போனதும் ஆட்டோகேட் கோப்புகளைச் சந்திக்கிறார். ஆட்டோகேட் லினக்ஸில் கிடையாது. இயந்திரப் பொறியியல் மாணவரின் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். 2020-க்குப் பின் வந்த ஆப்பிள் செயலிக் கணினிகளில் விண்டோஸை நேரடியாக நிறுவவும் முடியாது. இத்துறைகளில் விண்டோஸ் தேவைதான். கொள்கைக்காக அதை மறுத்து மாணவரை வேலைக்குத் தகுதியற்றவராக்குவது அறம் ஆகாது. ஆனால் இந்த வாதம் ஒரு துறையின் தேவையைக் காட்டுகிறதே தவிர, எல்லாத் துறைகளுக்கும் ஒரே விடை என்று காட்டவில்லை. சிற்பத்தின் முப்பரிமாண வடிவை உருவாக்கிப் பார்க்க உதவும் பிளெண்டர் 2002 முதல் திறந்த மூல மென்பொருள். மூன்று இயங்குதளங்களிலும் ஓடுகிறது, படித்து முடித்த பிறகும் உரிமக் கட்டணம் கேட்காது. மாணவர் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் வணிக மென்பொருள், பட்டம் வாங்கிய மறுநாள் சிறு பட்டறை வைக்க நினைக்கும் இளம் ஸ்தபதிக்குப் பெருஞ்செலவாக மாறுகிறது. இரண்டையும் அறிந்தவருக்குத்தான் எதற்குப் பணம் கொடுப்பது என்ற முடிவு கையில் இருக்கும்.

நிறுவனங்கள் விண்டோஸைத்தான் கேட்கின்றன என்பது அடுத்த எதிர்வாதம். சிறுசேரி அலுவலக மேசைகளில் விண்டோஸ் மடிக்கணினிகள் நிறைய இருப்பது உண்மை. ஆனால் அந்த மேசைகளில் எழுதப்படும் நிரல்கள் போய் ஓடும் வழங்கிகளில் மிகப் பெரும்பான்மை லினக்ஸில் இயங்குகின்றன. கைப்பேசியின் ஆண்ட்ராய்டு லினக்ஸ் கருவின் மேல் எழுந்தது. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் தவிர வேறு இயங்குதளமே இல்லை. மைக்ரோசாப்டே 2016-இல் விண்டோஸ் 10-க்குள் லினக்ஸ் சூழலைக் கொண்டுவந்தது. விற்கும் நிறுவனமே இரண்டும் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, படிக்கும் மாணவருக்கு ஒன்று போதும் என்று நாம் சொல்வதில் பொருள் இல்லை.

இலவசத் திட்டங்களே வீண், அவற்றில் எந்த இயங்குதளம் இருந்தால் என்ன என்பவர்களும் உண்டு. அந்தப் பார்வையை ஏற்க முடியாது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு ஆய்வகத்தின் சில மணி நேரம் மட்டுமே கணினி. மடிக்கணினி கிடைத்தபோதுதான் தவறு செய்து, அழித்து, மீண்டும் முயன்று பார்க்கும் உரிமை கிடைத்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கேட்காமலே பெற்ற உரிமை அது. திட்டத்தின் குறை கொடுத்ததில் இல்லை. கொடுத்தபின் கற்றுக்கொடுக்காததில் இருக்கிறது. அந்தக் குறையைத் திட்டத்தை நிறுத்தித் தீர்க்க முடியாது.

வரலாறு இங்கே ஓர் அரிய வாய்ப்பை ஏற்கெனவே தவறவிட்டிருக்கிறது. 2018-இல் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த புதிய பாடநூல்கள் விண்டோஸோடு உபுண்டுவையும் அறிமுகம் செய்தன. கணினிப் பயன்பாடுகள் பாடம் ஓப்பன் ஆபீஸைக் கற்பித்தது. 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வந்தது; அது எல்லா இயங்குதளங்களிலும் ஒன்றுபோல் ஓடும் மொழி. இரண்டு இயங்குதள மடிக்கணினிக்கு ஏற்ற பாடநூல் ஒருவழியாகக் கிடைத்தது. ஆனால் அடுத்த ஆண்டோடு மடிக்கணினி வழங்குவது நின்றுபோனது. கருவி இருந்தபோது பாடம் இல்லை. பாடம் வந்தபோது கருவி இல்லை. இப்போது அந்த இரண்டும் மீண்டும் சந்திக்கின்றன. 2025-26 நிதிநிலை அறிக்கை இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருக்கின்றன. இயங்குதளங்கள் மறுபடியும் இரண்டு: விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ்.

எனவே இன்றைய தேர்வுக்கு இந்த வரலாறு தரும் அறிவுரை தெளிவானது. மடிக்கணினி வாங்கும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது கடையின் விளம்பரத்தை அல்ல, சேரும் படிப்பின் எட்டுப் பருவப் பாடத்திட்டத்தை. அதில் விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் இருந்தால் விண்டோஸ் உரிமத்தோடு வாங்குவது சரி. கணினி அறிவியல், கணிதம், புள்ளியியல், மொழி, வணிகவியல் படிப்பவருக்கு லினக்ஸில் பெரும்பாலான வேலை முடியும். இரண்டும் தேவை என்றால் இரண்டையும் தாங்கும் கருவி வேண்டும்: நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறையாமல், பின்னால் கூட்டிக்கொள்ள இடம் விட்டதாக, எஸ்.எஸ்.டி. மாற்றக்கூடியதாக, வைஃபை லினக்ஸில் ஓடுகிறது என்று உறுதிசெய்யப்பட்டதாக. உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊரில் பழுது வருவது திண்ணம் என்பதால், செங்கல்பட்டிலோ கேளம்பாக்கத்திலோ உதிரிபாகம் கிடைக்கும் மாதிரியை வாங்குவது, மெல்லிய அழகான ஒன்றை வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம். பழைய அரசு மடிக்கணினி வீட்டில் கிடந்தால் அதைத் தூக்கிப் போடாமல், லினக்ஸ் நிறுவிப் பழகும் பயிற்சிக் கருவியாக்கலாம். அழிந்துவிடுமோ என்ற பயம் இல்லாத இயந்திரத்தில்தான் இயங்குதளம் உண்மையாகக் கற்கப்படும்.

குடும்பத்தின் கடமை அதோடு முடிகிறது. மிச்சம் கல்லூரிகளுடையதும் அரசினுடையதும். பல்கலைக்கழகங்கள் செய்முறைத் தேர்வை எந்த இயங்குதளத்திலும் எழுதலாம் என்று விதி வகுக்க வேண்டும். ஆய்வகக் கையேடுகளில் ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு வழிகளும் அச்சாக வேண்டும். மடிக்கணினி வழங்கும் நாளிலேயே இரண்டு இயங்குதளங்களையும் திறந்து காட்டும் ஒரு வகுப்பு நடக்க வேண்டும். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் போன்ற முயற்சிகளின் பாடங்களைக் கல்லூரிகள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, கணினிகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. 2011-இல் மாணவரிடம் இரண்டு இயங்குதளங்களைக் கொடுத்தோம், ஒன்றைத்தான் கற்பித்தோம், பின்னர் அவர் அந்த ஒன்றையே தேர்ந்தெடுத்ததாக எழுதிக்கொண்டோம். இம்முறை இரண்டையும் கற்பித்துவிட்டு அவர் தேர்ந்தெடுக்கட்டும். அப்போது அவர் விண்டோஸையே எடுத்தாலும் அது அவருடைய முடிவாக இருக்கும்.